தம் கட்டும் முன் வேக மூச்சு வேண்டாம்

கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ, யார் அதிக நேரம் முக்குளித்து இருப்பது என்று போட்டி வந்தால், குதிக்கும் முன் இருபது முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கிறோம் என்று நினைப்பு. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் 97–98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. அதற்கு மேல் சேர்வது சொற்பம். வேக மூச்சில் நிஜமாக நடப்பது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவது. ஆபத்தே அதுதான்.

தம் கட்டியவருக்கு "இனி முடியாது, மேலே போ" என்ற முட்டல் வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால். மூச்சின் அளவைத் தீர்மானிப்பது அதுதான் என்று 1905-லேயே உடலியல் ஆய்வாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டிவிட்டார்கள். தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் சுமார் 40 மி.மீ. பாதரசம். அது ஒரே ஒரு மி.மீ. ஏறினால், நிமிடத்துக்கு நாம் இழுக்கும் காற்று 2–3 லிட்டர் கூடும். ஓய்வில் மொத்தமே 6 லிட்டர் போல என்பதை நினைத்தால் இது எவ்வளவு கூர்மையான காவல் என்று புரியும்.

இந்தக் காவல் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை, அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி எளிதில் தாண்டாது. கார்பன் டை ஆக்சைடு தாராளமாகத் தாண்டும். தாண்டியதும் நீரோடு சேர்ந்து கார்போனிக் அமிலமாகி, அங்கே ஹைட்ரஜன் அயனியை விடும். மூளையைச் சூழ்ந்த திரவத்தில் புரதம் மிகக் குறைவு என்பதால் அமிலத்தை உறிஞ்சி மட்டுப்படுத்த வழியில்லை. முகுளத்தின் முன்பக்கப் பரப்பை ஒட்டிய நரம்புச் செல்கள் அதை உணர்ந்து மூச்சுத் தாளத்தை முடுக்க, உதரவிதானம் இறங்குகிறது.

ஆக்சிஜனைக் கவனிப்பது வேறு உறுப்பு: கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் இருக்கும் கரோட்டிட் உடலம். ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 60-க்குக் கீழே போனால்தான் அது பலமாகக் குரல் கொடுக்கும். கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்தால் அந்தக் குரலும் மங்கிவிடும். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வேக மூச்சால் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 40-இலிருந்து 25-க்கு இறங்குகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரமரப்பது, தலை கிறுகிறுப்பது இதனால்தான். மூளையின் ரத்தக் குழாய்களும் சுருங்கிவிடும். இந்த நிலையில் மூழ்கினால், கார்பன் டை ஆக்சைடு 25-இலிருந்து ஏறி முட்டல் வருவதற்குள், நீந்தும் தசைகள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். ஆக்சிஜன் அழுத்தம் 30-ஐ நெருங்கும்போது நினைவு தப்புகிறது. திணறலோ கையசைப்போ இராது. கரையில் இருப்பவருக்கு அவர் இன்னும் தம் கட்டியிருப்பதுபோலவே தோன்றும். ஆழம் இன்னும் மோசம்: 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. மேலே வர வர நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் பாதியாகிறது, அதனால் கடைசி ஓரிரு மீட்டரில் மயங்குபவர்கள் உண்டு. இடுப்பளவு தண்ணீரிலும் இது நடக்கும்.

மூழ்கும் முன் சாதாரணமாக மூச்சுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு ஆழ்ந்த மூச்சு போதும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே, உள்ளே இருந்ததைப் போல இரு மடங்கு நேரமாவது ஓய்வு வேண்டும். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் மேலே இருந்து அவரையே பார்க்க வேண்டும். தலை வெளியே வந்த பிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. மயங்கியவரைத் தூக்கியதும் வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதி, உடனே 30 நெஞ்சழுத்தம், 2 ஊதல் என்று தொடருங்கள். பக்கத்தில் இருப்பவர் அந்நேரமே 108-ஐ அழைக்கட்டும்.