ரஷ்ய மொழி படிக்கப் போன கதை: 39 நோட்டும் ஒரு 'ழ'வும்

ஐந்து மாதம் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ரஷ்ய மொழி படித்துவிட்டு ஜனவரி கடைசியில் ஊர் திரும்பினேன். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள், ஃபீஸ் எவ்வளவு ஆச்சு என்று. என் செமஸ்டருக்கு 1,30,000 ரூபிள். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ஏடிஎம்மில் பணம் வராது, கடையில் தேய்க்க முடியாது, அவசரம் என்றால் வீட்டிலிருந்து அனுப்பச் சொல்வதும் லேசில்லை. கையில் என்ன கொண்டுபோனீர்களோ அதுதான் காசு. என் பட்ஜெட் முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடியது.

சென்னை ஆழ்வார்பேட்டையில் இருக்கிற ரஷ்யக் கலாச்சார மையத்தில் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனேன். படிக்க வந்தது, வாய் திறந்தால் வார்த்தை வரவில்லை. அங்கேயே போய் இருந்தால்தான் வரும் என்று தோன்றியது. ரஷ்ய அரசின் உதவித்தொகையையும் பார்த்தேன், அது பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு நல்ல வழி. மொழி தெரியாதவர்களை முதல் வருடம் 'பத்ஃபாக்' என்கிற ஆயத்த வகுப்பில் உட்கார வைத்து மொழி கற்றுத் தருவார்கள். எனக்குத் தேவை ஒரே ஒரு செமஸ்டர். வீட்டில் உக்ரைன் போரை நினைத்துப் பயந்து, கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக் போயேன் என்றார்கள். அதுவும் தப்பான யோசனை இல்லை. கிர்கிஸ்தானில் ரஷ்ய மொழிக்கு ஆட்சிமொழி அந்தஸ்து உண்டு, நம் அட்டை அங்கே வேலை செய்யும், மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பணம்தான் பெரிய கவலை என்றால் நான் அதைத்தான் சொல்வேன். எனக்கு என்னமோ பீட்டர்ஸ்பர்கில் ஓடும் நேவா ஆற்றங்கரையில் நடந்து பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை.

2025 ஜனவரியில் கணக்குப் போட்டேன். ஃபீஸ் 1,30,000. விடுதி மாதம் 8,000 வீதம் 40,000. சாப்பாடு, பஸ், மெட்ரோ எல்லாம் சேர்த்து மாதம் 20,000 வீதம் ஒரு லட்சம். ஆக 2,70,000 ரூபிள். அன்றைக்கு ஒரு ரூபிள் சுமார் 85 பைசா, அதனால் இரண்டே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே என்று நோட்டில் எழுதி நிம்மதியாக மூடி வைத்தேன். ஆகஸ்டில் டாலர் வாங்கப் போகும்போது ரூபிள் ஒரு ரூபாய் ஒன்பது பைசா ஆகியிருந்தது. அதே செலவு, அதே ஐந்து மாதம், 65,000 ரூபாய் கூட. விமானம், விசா, எச்ஐவி பரிசோதனைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் எல்லாம் இதில் சேராது. அந்த 65,000-க்கு அம்மா சீட்டை எடுத்துக் கொடுத்தார். நீங்கள் போடும் ரூபிள் கணக்கின் மேல் கால் பங்கு கூட்டி வையுங்கள், மிச்சமானால் சந்தோஷம்.

முதலில் ஃபீஸை வங்கி மூலமாக அனுப்பத்தான் பார்த்தேன். மூன்று வாரம் அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அப்புறம் கமிஷன் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டேன். வந்த பிறகு ரூபிளாகக் கட்டலாம் என்று பதில் வந்தது. நீங்களும் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பணமாகவே கொண்டுபோவோம் என்று முடிவு செய்தால் அங்கே வேறு சிக்கல். டாலர் மாற்றும் கடையில், 3,000 டாலருக்கு மேல் நோட்டாகத் தர முடியாது, மீதியை வெளிநாட்டுப் பணம் ஏற்றித் தரும் ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த கார்டு ரஷ்யாவில் வெறும் பிளாஸ்டிக். அன்று ராத்திரி ரிசர்வ் வங்கியின் விதிமுறையை உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலான நாடுகளுக்கு 3,000 டாலர் வரம்பு உண்மைதான், ஆனால் ரஷ்யாவுக்கும் முன்னாள் சோவியத் குடியரசுகளின் காமன்வெல்த் கூட்டமைப்பு நாடுகளுக்கும் போகிறவர்கள் அனுமதிக்கப்பட்ட தொகை முழுவதையும் நோட்டாகவே வாங்கலாம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து மறுநாள் கொண்டுபோனேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார், யாரிடமோ போனில் பேசினார், அப்புறம் 3,900 டாலர் கொடுத்தார். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் நாம் கொடுக்கும் பணத்தைக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும், அதையும் ஞாபகம் வையுங்கள்.

வீட்டுக்கு வந்து 39 நூறு டாலர் நோட்டுகளையும் எவர்சில்வர் தட்டில் வைத்து, டியூப் லைட்டுக்குக் கீழே நானும் அப்பாவும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். இரண்டு நோட்டின் ஓரத்தில் மிளகு அளவுக்கு நீல மை முத்திரை. அங்கே இப்படிப்பட்ட நோட்டை வாங்க யோசிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், மறுநாளே மாற்றி வந்தேன். இதற்கு ஒரு மணி நேரம் செலவழிப்பதில் தப்பே இல்லை.

விண்ணப்பம் சுலபம். பாஸ்போர்ட் ஸ்கேன், ஒரு படிவம், அவ்வளவுதான். மே மாதம் அனுப்பினேன், ஜூலை கடைசியில் அழைப்புக் கடிதம் வந்தது, அது இல்லாமல் விசாவுக்குப் போக முடியாது. ஆனால் அந்தப் படிவத்தில் பெயரை ரஷ்ய எழுத்தில் எழுதச் சொல்கிற ஒரு கட்டம் இருக்கிறது. என் பெயர் கயல்விழி. நம் 'ழ'வை ஆங்கிலத்தில் இசட், எச் என்று எழுதுகிறோம் இல்லையா, ரஷ்யர்கள் அந்த இரண்டு எழுத்தையும் ஒன்றாகப் பார்த்து, ஆறு கால் பூச்சி மாதிரி இருக்கும் ஓர் எழுத்தைப் போடுவார்கள். நானும் அதைத்தான் போட்டேன், விசாவிலும் அப்படியே வந்தது. அங்கே போன பிறகு பாஸ்போர்ட்டை ரஷ்யனில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர் இரண்டு எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து 'விஸ்ஹி' என்று எழுதிவிட்டார். நான் கவனிக்கவில்லை. வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது, விசாவில் ஒரு பெயர், மொழிபெயர்ப்பில் ஒரு பெயர், இரண்டும் ஒரே ஆள் என்று எப்படி நம்புவது என்று ஜன்னலுக்குப் பின்னால் இருந்த வங்கி ஊழியர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். திரும்ப மொழிபெயர்ப்பு, திரும்ப நோட்டரி. ரஷ்யாவின் சொந்த வங்கி அட்டையான 'மீர்' கைக்கு வர அக்டோபர் பாதி ஆகிவிட்டது, அதுவரை எல்லாமே நோட்டாகத்தான், பல்கலைக்கழக ஃபீஸ் உட்பட.

வந்த ஏழு வேலை நாளுக்குள் தங்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும், விடுதியில் இருந்தால் அவர்களே செய்வார்கள். 90 நாளுக்கு மேல் தங்கினால் கைரேகையும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம், செலவு நம்முடையது. சிம் கார்டு உடனே கிடைக்காது. 2025 ஜனவரியிலிருந்து வெளிநாட்டினர் நேரில் போய் முகப்பதிவு, குரல்பதிவு கொடுத்தால்தான் தருகிறார்கள். முதல் வாரத்துக்கு வரைபடத்தை போனில் இறக்கிக்கொண்டு போங்கள். கம்பளிக் கோட்டை சென்னையில் வாங்காதீர்கள், இங்கே கிடைப்பது ஊட்டிக்குத்தான் சரிப்படும். சாப்பாட்டுக்கு 'ஸ்தலோவயா' என்கிற சாதாரண உணவகங்கள் போதும். அங்கே 'கிரேச்கா' என்று ஒரு தானியத்தை வேகவைத்துத் தருவார்கள், வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடி போட்டுப் பிசைந்து சாப்பிட்டால் அவ்வளவு நன்றாக இருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ரஷ்யர்களுக்குப் பெயரோடு தகப்பன் பெயரும் சேர்ந்து வரும். நம் இனிஷியலும் அதுதானே என்று ஒரு நாள் வகுப்பில் சொன்னேன். ஆசிரியை அப்பா பெயரைக் கேட்டு, முருகன் என்றதும், அப்படியானால் நீ கயல்விழி முருகனோவ்னா என்றார். கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டார். ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னதும் ஒரு தடவை தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி வகுப்புக்குப் போக நினைக்கிறவர்கள் அக்டோபரிலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அழைப்புக் கடிதம் வந்ததும் அதில் உங்கள் பெயர் ரஷ்ய எழுத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும்.