தடத்தை விட்டு இறங்கக் கூடாது

பிரெஞ்சில் அப்படி எழுதியிருந்த பலகையைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த மகள் முதுகில் மோதினாள். "அம்மா, அது பறவையள் பயப்பிடாமல் இருக்கிறதுக்கு." தெரியும் பிள்ளை. காலுக்குத்தான் தெரியேல்லை.

ஓகஸ்ட் லீவுக்குப் பாரிஸிலிருந்து கமார்க் வந்திருந்தோம். றோன் ஆறு கடலில் விழுகிற சதுப்பு நிலம். வெள்ளைக் குதிரை, கறுப்பு மாடு, உப்பளம், நெல்வயல்கூட உண்டு. பொன் து கோ பறவைப் பூங்கா வாசலில் டிக்கெட் எடுக்கும்போதே இவர் தொடங்கிவிட்டார்: "காசு குடுத்துக் கொக்குப் பாக்கிற முதல் பரம்பரை நாங்கள்தான்." உள்ளே போனால் நுளம்பு. எங்கள் ஊர் நுளம்பு காதில் பாடிவிட்டாவது கடிக்கும். இது ஜீன்ஸுக்கு மேலாலேயே குத்துகிறது.

ஆனால் பூநாரைகள்! நூற்றுக்கணக்கில், தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை அரித்துக்கொண்டு நின்றன. உப்புத் தண்ணீரில் இருக்கும் பொடி இறாலும் பாசியும் தின்றுதான் அந்த றோஸ் நிறமாம். குஞ்சுகள் வெறும் சாம்பல். 1970 இல் இதுகள் குஞ்சு பொரிக்கவென்று ஃபாங்காசியே ஏரிக்குள் ஒரு தீவே கட்டிக் கொடுத்தார்களாம். எனக்கு இஞ்ச இருக்கிறதுக்கான வதிவிடக் காட் கிடைக்க ஏழு வருசம். சரி, அது பழைய கதை. இப்ப நானும் இஞ்சத்தைய ஆள்தான்.

சொல்லிக்கொண்டு நிமிர்ந்தால் முன்னால் ஆனையிறவு. அதே வெட்டை, அதே உப்புக்காற்று. 2002 இல் சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணத்து ஏ9 பாதை திறந்து பஸ்ஸில் போனோம். இரண்டு பக்கமும் தண்ணீர், கரையெல்லாம் சிவப்புப் பலகையில் மண்டையோடு. "மிதிவெடி, ஒருத்தரும் றோட்டை விட்டு இறங்கக் கூடாது" என்றார் கொண்டக்டர். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று நின்ற ஒரு கிழவி, வவுனியா மட்டும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தா.

"உங்கட ஊரிலையும் இது வருமா?" மகள் கேட்டாள்.

"வரும். மன்னாருக்கும் வரும். இதே இனம்தான்."

"எத்தனை பாத்தனீங்கள்?"

"ஒண்டும் பாக்கேல்லை. பலகையைத்தான் பாத்தனான்."

அவள் ஒன்றும் சொல்லாமல் பைனாகுலரைக் கழற்றித் தந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் சாம்பல் குஞ்சொன்று தாயைப் பார்த்துத் தானும் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் கழுத்தில் நுளம்பு. படாரென்று அடித்தேன். பக்கத்தில் கமராவோடு நின்ற வெள்ளைக்காரப் பாட்டி திரும்பி, "ஷ்ஷ்" என்றா.