ஒரு மேன்ஹோல், மூன்று பெர்மிட், ஐந்து நாள்

2.4 மீட்டர் ஆழக் குழியில் ஒரு கான்கிரீட் மேன்ஹோலை இறக்கி, பக்கத்தில் இருக்கும் பழைய மேன்ஹோலோடு குழாய் இணைக்க வேண்டும். வேலையாகப் பார்த்தால் ஒன்றரை நாள். எங்கள் சைட்டில் திங்கள் காலை ஆரம்பித்தது வெள்ளி மாலைதான் முடிந்தது. தோண்ட ஒரு பெர்மிட் (ஆபத்தான வேலைக்கு முன் எழுத்தில் வாங்கும் அனுமதி), தூக்க ஒரு பெர்மிட், பழைய மேன்ஹோலுக்குள் ஆள் இறங்க ஒரு பெர்மிட். தனித்தனியாக எடுத்துப் படித்தால் மூன்றிலும் குறை சொல்ல முடியாது. ஒரே மேஜையில் பரப்பி வைத்த பிறகுதான் ஒன்று இன்னொன்றின் காலை வாரிக்கொண்டிருப்பது தெரிந்தது. சிங்கப்பூரில் சின்ன சைட்டுகளில் சேஃப்டி கோஆர்டினேட்டராக இருக்கும் தம்பிகளுக்கு இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஒப்பந்தத் தொகை 10 மில்லியன் வெள்ளியைத் தொட்டால் சேஃப்டி ஆபீசர் வேண்டும். அதற்குக் கீழே என்றால் கோஆர்டினேட்டர். சின்ன சைட்டில் அந்த ஒருவர்தான் எல்லாம் என்று இதற்கு அர்த்தம். சட்டம் கொடுத்திருக்கும் வேலை மூன்று: ஆபத்தைக் கண்டுபிடிக்க உதவுவது, என்ன செய்யலாம் என்று பரிந்துரைப்பது, அதைச் செய்துமுடிக்க உதவுவது. வேலையை நிறுத்தும் அதிகாரத்தை நியமனக் கடிதத்தில் கம்பெனியிடம் எழுதி வாங்கிவிடுங்கள். வாங்காமல் போனால், கிரேன் வந்து நிற்கும்போது "நீ யார் நிறுத்த?" என்ற கேள்வி கட்டாயம் வரும். செவ்வாய்க்கிழமை எங்களுக்கும் வந்தது.

திங்கள். குழி 1.5 மீட்டரைத் தாண்டுவதால் பெர்மிட் இல்லாமல் கை வைக்க முடியாது. கேபிள் வரைபடம் வாங்கியாகிவிட்டது, லைசென்ஸ் உள்ள கேபிள் டிடெக்‌ஷன் ஆள் வந்து கேபிள் போகும் வழியில் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார். ஞாயிறு இரவு பெய்த மழையில் பாதிப் பெயின்ட்டைக் காணோம். ஃபோர்மேன் நினைவிலிருந்து கோடு போட ஆரம்பித்தார். அதை மட்டும் விடாதீர்கள். வரைபடத்தில் கேபிள் சாலைக் கல்லிலிருந்து 900 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. ஆளை மறுபடி வரவழைத்து, கையால் தோண்டிப் பார்த்த குழியில் அது 500-லேயே கிடந்தது. பெயின்ட்டோடு மரக்குச்சியும் அடியுங்கள். அசையாத ஒரு சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்து, டேப் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். குச்சி பிடுங்கிப் போனாலும் போட்டோ இருக்கும்.

அன்றைக்குப் பெர்மிட்டை நிறுத்தியது கேபிள் கூட இல்லை, ஸ்ட்ரட். மண் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் ஷீட், அவற்றைத் தாங்க நடுவே குறுக்கே ஸ்ட்ரட் (முட்டு) என்று சப்கான்ட்ராக்டர் வரைந்து கொடுத்திருந்தார். மண்ணுக்கு அது சரி. ஆனால் ஸ்ட்ரட்டுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடைவெளி 1.5 மீட்டர். இறங்க வேண்டிய மேன்ஹோலின் வெளிவிட்டம் 1.8 மீட்டர். தோண்டுவதற்கு வரைந்தவர் மேன்ஹோல் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்: மேன்ஹோல் கொக்கியில் தொங்கும், கீழே ஒருவர் "ஒரு ஸ்ட்ரட்டைக் கழற்றினால் போதும் அண்ணே" என்பார். ஒரு கன மீட்டர் மண் கிட்டத்தட்ட 1.8 டன். ஸ்ட்ரட்டை இடம் மாற்றுவது ஃபோர்மேன் எடுக்கும் முடிவு கிடையாது, டிசைன் செய்த எஞ்சினியர்தான் மாற்ற வேண்டும். அவர் ஷீட்டை ஒட்டி நீளவாக்கில் ஓடும் வேலர் பீமைப் பெரிதாக்கி, இறக்கும் இடத்தில் 2.1 மீட்டர் திறப்பு வருமாறு திருத்திக் கொடுக்க மாலை ஆகிவிட்டது. பக்கத்துக்கு 150 மில்லிமீட்டராவது விட்டால்தான் மேன்ஹோல் லேசாகச் சுற்றினாலும் ஸ்ட்ரட்டில் இடிக்காது.

தோண்டியதில் பிரச்சினை இல்லை. மண்ணை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கொட்டச் சொல்லி நாலு தடவை கத்த வேண்டியிருந்தது, அது எப்போதும் உள்ளதுதான். ஏணி விளிம்புக்கு மேலே ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

செவ்வாய், லாரி கிரேன் வந்தது. சட்டம் மொபைல், கிராலர், டவர் கிரேன்களைச் சொல்லித்தான் பெர்மிட் கேட்கிறது. எங்கள் சைட்டில் எதைக் கொண்டு தூக்கினாலும் பெர்மிட். அந்த விதி இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு லாரி கவிழ்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

லிஃப்டிங் பிளானில் எடை 1.9 டன், கிரேனிலிருந்து சுமைக்குத் தூரம் 6 மீட்டர் என்று இருந்தது. அந்த லாரி கிரேனின் அட்டவணையில் 6 மீட்டருக்கு 4.1 டன் வரை தூக்கலாம். பாதிதான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். இரண்டு எண்ணுமே தப்பு.

முதலில் எடை. உள்விட்டம் 1.5, வெளிவிட்டம் 1.8, உயரம் 1 மீட்டர் என்றால் சுவர் மட்டும் 0.78 கன மீட்டர். கான்கிரீட் 2.4 டன் என்று பெருக்கினால் 1.9 டன்தான் வரும். ஆனால் முதலில் இறங்குவது அடித்தட்டோடு சேர்ந்த துண்டு. 200 மில்லிமீட்டர் கனத் தட்டு இன்னொரு 1.2 டன். மொத்தம் 3.1. பிளான் போட்டவர் மேலே வரும் வளையத்தின் எடையை எடுத்து எழுதிவிட்டார். சப்ளையர் கொடுக்கும் எடையை அப்படியே நம்பாமல் கால்குலேட்டரில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

அடுத்து தூரம். பிளானில் அவுட்ரிகர் (கிரேன் சாயாமல் பக்கவாட்டில் ஊன்றும் கால்) குழி விளிம்பை ஒட்டி இருந்தது. அந்த இடத்தில் வைத்தால் அவுட்ரிகரின் பாரம் முழுக்க ஷீட் மேல்தான் விழும். குழி எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி அவுட்ரிகர் நிற்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. 2.4 மீட்டர் பின்னால் போனால் தூக்கும் தூரம் 8.5 ஆகிவிடுகிறது. அட்டவணையில் 8.5-க்கு 2.6 டன். நம்மிடம் இருப்பதோ சிலிங் (சுமையைக் கட்டும் பட்டை அல்லது சங்கிலி), ஷேக்கிள் (இணைக்கும் வளையம்), கொக்கி சேர்த்து 3.3. இரண்டு எண்ணையும் திருத்தியதும் பாதிச் சுமை என்றிருந்தது அளவுக்கு மீறிய சுமை ஆகிவிட்டது.

லாரி திரும்பிப் போனது. அரைநாள் வாடகை வீண். அந்த "நீ யார்" பேச்சு வந்தது இங்கேதான். நியமனக் கடிதத்தின் போட்டோ போனில் இருந்ததால் பேச்சு அத்தோடு நின்றது. கூடவே இன்னொரு யோசனையும் வந்தது: எக்ஸ்கவேட்டர் சும்மாதானே நிற்கிறது, பக்கெட் பல்லில் சிலிங்கை மாட்டி இறக்கிவிடலாமே! அந்த இயந்திரத்துக்குத் தூக்குவதற்கான சோதனைச் சான்று கிடையாது. இந்த யோசனையைச் சொல்ல ஒவ்வொரு சைட்டிலும் ஒருவர் இருப்பார்.

புதன்கிழமைக்கு 25 டன் மொபைல் கிரேன் கேட்டோம். பெரிய கொக்கியோடு சேர்த்து 3.5 டன், 10 மீட்டரில் 5.4 வரை தூக்கும். 65 சதவீதம், போதும். அவுட்ரிகருக்குக் கீழே 1.2 மீட்டர் சதுர இரும்புத் தகடு. ஒரு காலில் அதிகபட்சம் 18 டன் விழுந்தாலும் சதுர மீட்டருக்கு 12.5 டன் வருகிறது. அந்த மண் அதைத் தாங்குமா என்று எஞ்சினியரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டோம். கிரேன், ஆப்பரேட்டர், ரிக்கர் (சுமையைக் கட்டுபவர்), சிக்னல்மேன், லிஃப்டிங் சூப்பர்வைசர் எல்லோருடைய காகிதமும் சரியாக இருந்தது. சிக்கல் சிலிங்கில். சான்றிதழ் இருக்கிறது, ஒரு வருடக் கெடுவும் முடியவில்லை, ஆனால் அதில் இருக்கும் எண்ணுள்ள டேக் எந்த சிலிங்கிலும் இல்லை. சான்று ஒன்று, சாமான் வேறு. கோப்பில் காகிதம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் மாட்டுவது இதில்தான். சிலிங்கைக் கையில் எடுத்து எண்ணைப் படியுங்கள். நாங்கள் நான்கு கால் செயின் சிலிங்குக்கு மாறினோம். கான்கிரீட் விளிம்பில் உரசும் வேலைக்கு பெல்ட் சிலிங்கைவிட அதுதான் நல்லது. கால்களின் கோணத்தையும் பாருங்கள். இரண்டு கால்கள்தான் பாரம் தாங்கும் என்று கணக்கு வைத்தால், கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் 3.1 டன்னுக்கு ஒரு காலில் 1.8 டன் விழும். சங்கிலி குட்டையாகி 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒரு காலிலேயே முழு 3.1.

இத்தனையும் சரியான பிறகு கையெழுத்துப் போட புராஜெக்ட் மேனேஜர் இல்லை. சூப்பர்வைசர் விண்ணப்பிக்க வேண்டும், அசெஸர் (பாதுகாப்பை மதிப்பிடுபவர்) இடத்தைப் பார்த்து ஒப்ப வேண்டும், மேனேஜர் கொடுக்க வேண்டும். அவருக்கு மூன்று சைட், அன்றைக்கு ஏதோ மீட்டிங். "வாட்ஸ்அப்பில் ஓகே சொல்கிறேன், ஆரம்பியுங்கள்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டோம். விபத்து நடந்தால் அந்த ஓகேவை யாருமே ஓகே என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவருக்குப் பதில் கொடுக்கத் தகுதியுள்ள ஒருவரை முன்கூட்டியே எழுத்தில் நியமித்து வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டது எங்கள் தப்பு. மதியம் இடியோடு மழை வேறு வந்ததால் அவரைக் குறை சொல்லவும் முடியாமல் போனது.

வியாழன் காலை, குழியில் முழங்கால் தண்ணீர். மழைக்குப் பிறகு ஷீட், ஸ்ட்ரட் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்காமல் நேற்றைய பெர்மிட்டைத் தொடர முடியாது. தண்ணீரை இறைத்தோம், சரிபார்த்தோம், வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கைத் தமிழிலும் வங்காள மொழியிலும் நடத்தினோம், குழியில் ஆள் இல்லாமல் மேன்ஹோல் இறங்கி 11.40-க்கு உட்கார்ந்தது. மூன்று நாள் சண்டை போட்ட வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.

வெள்ளி, பழைய மேன்ஹோல். மேலே நின்று வாயு மீட்டரைப் பிடித்தால் ஆக்சிஜன் 20.9 சதவீதம், எல்லாம் பச்சை. 19.5-க்கும் 23.5-க்கும் நடுவே இருந்தால் போதும் என்பதால் இங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில்தான் கிடக்கும். குழாயை விட்டு மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் பாருங்கள். குழாய் நீளம் என்றால் காற்று மீட்டருக்கு வந்து சேரும்வரை பொறுத்திருங்கள். பிறகு நீளக் கம்பால் சேற்றைக் கலக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கலக்குவதற்கு முன் எங்களுக்கு 0, கலக்கிய பின் 14 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு). அனுமதி 10 வரைதான்.

வெளிக்காற்றை உள்ளே தள்ளும் புளோவர் போட்டு அந்த அளவு இறங்கிய பிறகு கார்பன் மோனாக்சைடு ஏற ஆரம்பித்தது. 38 பிபிஎம் வரை போனது, எல்லை 25. மேன்ஹோலுக்குள் எரிவது எதுவுமே இல்லையே என்று அரைமணி நேரம் குழம்பினோம். புளோவர் காற்றை இழுக்கும் வாய்க்கு ஒன்றரை மீட்டரில் டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய்! சுத்தமான காற்று என்று நினைத்து நாங்களே புகையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தோம். ஜெனரேட்டரைக் காற்று அடித்துக்கொண்டு போகும் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதன் வயர் எட்டவில்லை. புளோவரை நகர்த்தலாம் என்றால் அதன் டக்ட் (காற்றுக் குழாய்) 5 மீட்டர்தான். இன்னொரு டக்ட் வாடகைக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. தண்ணீர் இறைக்கும் டீசல் பம்புக்கும் இதே கதைதான். வாடகைக்கு எடுக்கும்போதே டக்ட் 10 மீட்டர் கேளுங்கள்.

உள்ளே இரண்டு பேர், வாசலில் அவர்களைக் கவனிக்கப் பெயர்ப் பலகையோடு ஒரு அட்டெண்டன்ட், தலைக்கு மேலே ஆளை இழுக்க ட்ரைபாட் (முக்காலி), வின்ச். அட்டெண்டன்ட்டை "அந்த ஸ்பேனரை எடுத்து வா" என்று அனுப்ப முயன்ற சூப்பர்வைசரோடு கடைசியாக ஒரு சண்டை. அதற்குப் பிறகு இணைப்பு முடிய ஒன்றரை மணி நேரம்.

வேலை முடிந்ததும் மூன்று பெர்மிட்டையும் மூடினோம். பல சைட்டுகளில் வாங்குவதோடு சரி, யாரும் மூடுவதில்லை. உள்ளே போனவர்கள் வெளியே வந்த நேரம், குழியைச் சுற்றித் தடுப்பு திரும்ப நிற்கிறதா என்பதெல்லாம் அதில் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை திருப்பி அனுப்பிய லிஃப்டிங் பிளானையும் கிழிக்காமல், 1.9-ஐ அடித்து 3.1 என்று எழுதிய அந்தத் தாளோடு கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம். வாடகைக் கணக்கு கேட்டு ஆபீஸிலிருந்து எப்படியும் போன் வரும்.