ஆம்ஸ்டர்டாமை விடுங்க, வெஸ்ட்லாண்டுக்குப் போங்க

நெதர்லாந்து போயிட்டு வந்தேன்னு சொல்லி வாய் மூடலை, எதிரில் இருப்பவர் கண்ணைச் சிமிட்டி ஒரே கேள்விதான் கேட்கிறார்: "அந்தக் கடைக்குப் போனியா?" போகலை சாமி. அந்தக் கஞ்சாப் புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆம்ஸ்டர்டாம் வீதியில் நடந்தாலே மூக்கில் ஏறும் வாசனைக்குத் தனியாகக் காசு வேறு கொடுக்கணுமா?

ஆனால் செடி வளர்க்கும் சாமான்கள் விஷயத்தில் எனக்குக் கிறுக்கு உண்டு. விளக்கு, உரக் கலவை, பூச்சி விரட்டும் வித்தை என்று எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த நாடு ஒரு விசித்திரம். காபி ஷாப் எனப்படும் கடையில் ஆளுக்கு 5 கிராம் வரை கஞ்சா விற்றால் அரசு கண்டுகொள்ளாது. அந்தக் கடைக்கு வளர்த்துக் கொடுப்பதோ குற்றம். அதாவது சரக்கு கடையின் முன்வாசல் வழியாகப் போகலாம், பின்வாசல் வழியாக வரக்கூடாது! 2015 மார்ச்சில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சட்டவிரோத வளர்ப்புக்கு என்று தெரிந்தே விளக்கு, விசிறி, உரம் விற்றால் அதுவும் குற்றம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2023 டிசம்பரில் பிரெடா, டில்பர்க் நகரங்களில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். அரசு உரிமம் பெற்ற பண்ணைகள் வளர்க்கும், கடைகள் அதை வாங்கி விற்கும். இப்போது 10 நகராட்சிகளில் நடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஆம்ஸ்டர்டாம் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த உரிமப் பண்ணைகள் காவலும் கட்டுப்பாடுமாக இருப்பவை. நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் என்ன? அதே ரக விளக்கு, அதே பாறைப் பஞ்சு, அதே சொட்டுநீர்க் குழாய், அதே பூச்சி தின்னும் பூச்சி, எல்லாம் பல மடங்கு பெரிய அளவில் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் பட்டப்பகலில் நடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. வெஸ்ட்லாண்ட். டென் ஹாக் (தி ஹேக்) நகரத்துக்கும் ராட்டர்டாமுக்கும் கடலுக்கும் நடுவே, கண்ணுக்கெட்டிய வரை கண்ணாடிக் கூரை. 'கண்ணாடி நகரம்' என்றே உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில், சரியான வார இறுதியில் போனால் யோகம். 'கொம் இன் டெ காஸ்' என்று ஒரு ஏற்பாடு. பசுமைக்குடில்காரர்கள் கதவைத் திறந்துவைத்து ஊரையே உள்ளே விடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. மறுபடி சொல்கிறேன், இலவசம். அதே வாரம் துலிப் தோட்டத்துக்குப் போயிருந்தால் ஆளுக்குச் சுமார் 20 யூரோ அழுதிருக்கணும்.

இலவசத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் தங்குமிடம் விழுங்கியது, அது வேறு கதை. துலிப் பூக்கும் காலம் என்றால் விடுதிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். பக்கத்து நகரமான டெல்ஃப்டில் ஒரு மாடி அறை, ஒரு இரவுக்கு 118 யூரோ. படிக்கட்டு அப்படியே ஏணி. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் ஏறணும். காலை உணவு சேர்க்கையில்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டாக்ஸிக்காரரைப் பற்றி முதலில் கொட்டினால்தான் மனசு ஆறும். வெஸ்ட்லாண்டின் முக்கிய ஊர் நால்ட்வைக். அங்கே ரயில் நிலையம் கிடையாது, பேருந்துதான். சனிக்கிழமை காலை நிறுத்தத்தில் நின்றோம். பலகையில் '4 நிமிடம்' என்றிருந்தது, '2 நிமிடம்' ஆனது, பிறகு அந்த வரியே காணாமல் போய்விட்டது. பேருந்தும் வரவில்லை, விளக்கமும் வரவில்லை. காற்று மட்டும் காதைக் கிழித்தது. நெதர்லாந்தில் படிக்கிற தம்பி ஒருவன் துணைக்கு வந்திருந்தான், எங்கள் ஊர்ப் பையன். "அடுத்ததுக்கு அரை மணி நேரம் ஆகும்கா, டாக்ஸி பிடிச்சிரலாம்" என்றான். பேசும்போது 45 யூரோ. இறங்கும்போது 62! விழா நடப்பதால் சுற்றி வந்தாராம். மீட்டர் போட்டதாகவே தெரியவில்லை. தம்பி பதறவே இல்லை. "ரசீது குடுங்க" என்று டச்சில் ஒரே வார்த்தை சொன்னான். இந்த நாட்டில் டாக்ஸிக்காரர் ரசீது கொடுத்தே ஆகணும். அரைநிமிட முணுமுணுப்புக்குப் பிறகு 50 ஆனது. ஏறும் முன்பே விலை பேசுங்கள், இறங்கும்போது ரசீது கேளுங்கள். அந்த 50-ம் வயிறெரிச்சல்தான்.

முதலில் நுழைந்தது தக்காளிக் குடில். வெளியே பல்லைக் கிட்டும் குளிர், உள்ளே காலெடுத்து வைத்ததும் மூக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. வாசலிலேயே பிளாஸ்டிக் மேலங்கி, காலுறை, கைக்குக் கிருமிநாசினி. ஆஸ்பத்திரி அறுவை அரங்குக்குப் போவது போல எதற்கு இத்தனை என்றால், தக்காளியைத் தாக்கும் பழுப்புச் சுருக்க வைரஸ். இந்த நாட்டுக்குள் அது வந்துவிட்டது 2019-ல் தெரிந்தது. கையிலும் துணியிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டே பரவும். மருந்து கிடையாது. வந்தால் குடிலையே காலிசெய்து கழுவ வேண்டியதுதான். செடியைத் தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தும் ஒரு ஐயா இலையைக் கசக்கி மோந்து பார்த்தார். அங்கேயே விழுந்தது திட்டு. எனக்கு ரொம்பத் திருப்தி.

தரையில் மண்ணே இல்லை. இடுப்பு உயரத்தில் தொங்கும் தகரக் கால்வாயில் ராக்வூல் எனும் பாறைப் பஞ்சுக் கட்டிகள். எரிமலைப் பாறையை உருக்கி, பஞ்சு மிட்டாய் போலச் சுழற்றி இழையாக்கிய பொருள் அது. சத்து ஒரு துளியும் கிடையாது, வேர் பிடிக்க ஓர் இடம், அவ்வளவே. செடிகள் கயிற்றில் மேலே ஏறிக்கொண்டே போகின்றன. நுனி கம்பியைத் தொட்டதும் கயிற்றைத் தளர்த்திச் செடியை இறக்கிப் பக்கவாட்டில் நகர்த்துகிறார்கள். பருவம் முடிவதற்குள் தண்டு 10 மீட்டரைத் தாண்டிவிடும், அடியில் சுருண்டு கிடக்கும். வரிசைகளுக்கு நடுவே ஓடும் வெந்நீர்க் குழாய்தான் சூடேற்றி, அதுவேதான் பறிக்கும் வண்டிக்குத் தண்டவாளமும். இதை யோசித்தவனைக் கையெடுத்துக் கும்பிடணும்.

சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 50 கிலோவுக்கு மேல் தக்காளி எடுக்கிறார்கள், விளக்குப் போட்டால் இன்னும் அதிகம்.

உர அறைக்குள் விட்டபோது நான் நகரவே இல்லை. தம்பி இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தான். இரண்டு பெரிய தொட்டி, ஏ, பி என்று எழுதியிருக்கும். ஏ-யில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புச் சத்தும். பி-யில் பாஸ்பேட், சல்பேட், மெக்னீசியம் வகையறா. ஏன் பிரிக்கணும்? செறிந்த கரைசலில் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சமாகிப் படிந்துவிடும், சொட்டுநீர்த் துளையெல்லாம் அடைபடும். அதனால் நூறு மடங்கு செறிவில் தனித்தனியே வைத்து, ஓடும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று ஈசி, பிஹெச் மீட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். தக்காளிக்கு ஈசி 3-ஐ ஒட்டி, பிஹெச் 5.5-ஐ ஒட்டி. கடைகளில் 'பூக்கும் பருவத்துக்கு', 'காய்க்கும் பருவத்துக்கு' என்று வண்ண வண்ணப் புட்டியில் அடைத்து விற்கும் திரவ உரங்களின் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் இதே உப்புகள்தான், கூடவே நிறையத் தண்ணீர். லேபிளுக்குத்தான் காசு.

தண்ணீர் மழைநீர். ஒவ்வொரு குடிலுக்குப் பக்கத்திலும் கறுப்புத் தாள் விரித்த குளம், கூரையில் விழுவதெல்லாம் அங்கே போகும். கடலோர நிலத்தடி நீரில் சோடியம் அதிகம், செடி அதை அதிகம் எடுத்துக்கொள்ளாது. மிஞ்சி வழியும் நீரைப் பிடித்து, புறஊதா ஒளியில் கிருமி நீக்கி மறுபடி மறுபடி பாய்ச்சுவதால் சோடியம் சேர்ந்துகொண்டே போகும். வெளியே கொட்டிவிடலாம் என்றால் விடமாட்டார்கள். 2027-க்குள் உரக் கழிவு வாய்க்காலில் கலப்பது ஏறக்குறைய பூஜ்யமாகணும் என்பது விதி.

காற்றுக்கும் குழாய் போட்டிருக்கிறார்கள். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கை, ஒட்டி இருக்கிறது. குடிலுக்குள் 800, 1000 என்று ஏற்றுகிறார்கள். குளிர்காலத்தில் சூட்டுக்காக எரிவாயு எரிக்கும்போதே அது கிடைத்துவிடும். கோடையில் சூடு வேண்டாம், வாயு மட்டும் வேண்டும். அதற்கு ராட்டர்டாம் துறைமுக ஆலைகள் கழிக்கும் கார்பன் டை ஆக்சைடை ஒரு பழைய எண்ணெய்க் குழாய் வழியாக 2005-லிருந்து இங்கே அனுப்புகிறார்கள். 2022-ல் எரிவாயு விலை எகிறியபோது பலர் குளிர்காலத்தில் விளக்கே போடாமல் குடிலை வெறுமனே விட்டதாகச் சொன்னார் அந்தக் குடில் விவசாயி. இப்போது சோடியம் விளக்கைக் கழற்றி எல்இடி மாட்டுகிறார்கள். மின்சாரம் மிச்சம்தான். ஆனால் சோடியம் விளக்கு செடியைச் சூடேற்றவும் செய்தது, அந்தச் சூட்டை இனி வேறு வழியில் கொடுக்கணும். செலவு ஒரு பக்கம் இறங்கினால் இன்னொரு பக்கம் ஏறிவிடுகிறது.

இத்தனை இரும்பையும் கணினியையும் பார்த்த பிறகும், குடிலின் உண்மையான எஜமான் யார் என்று கேட்டால் பூச்சிகள் என்றுதான் சொல்வேன். அங்கங்கே ஓர் அட்டைப் பெட்டி, அதற்குள் பம்பிள்பீ எனும் குண்டுத் தேனீக்கூட்டம். 1980-களின் கடைசி வரை தக்காளிப் பூவை ஆட்களே அதிர்வுக் கருவியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தேனீ பூவைக் கவ்வி உடம்பை அதிரவிட்டே மகரந்தத்தைக் கொட்டவைக்கும். அது வந்ததும் இன்னொன்றும் தானாக நடந்தது: மருந்தடித்தால் தேனீ செத்துவிடும். ஆகவே பூச்சியைப் பூச்சியால்தான் அடக்க வேண்டும் என்ற நிலைக்கு விவசாயிகள் வந்தார்கள்.

வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற குளவி. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும், குஞ்சு கறுத்துப் போகும். 1926-லேயே இங்கிலாந்துத் தக்காளி விவசாயி ஒருவர் இந்தக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டார். பிறகு டிடிடி எனும் பூச்சிமருந்து வந்து எல்லாரும் குளவியை மறந்தார்கள். செம்பேனுக்கு ஃபைட்டோசியூலஸ் என்ற இரைவிழுங்கிப் பேன், சிலியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்கிட் செடியில் தொற்றிக்கொண்டு தற்செயலாக ஐரோப்பா வந்தது. இதை வளர்த்து விற்கலாமே என்று 1967-ல் யான் காப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயி தொடங்கிய தொழில், வெஸ்ட்லாண்டுக்குப் பக்கத்தில் பெர்கல் என் ரோடன்ரைஸ் ஊரில் இருந்து இன்று உலகம் முழுக்கப் பூச்சி அனுப்புகிறது. குடைமிளகாய்க் குடிலில் இலைப்பேனுக்காகத் தேயிலைப் பை மாதிரிச் சின்னப் பொட்டலங்கள் தொங்கின. உள்ளே தவிடு, அதில் தீனிப்பேன், அதைத் தின்று பெருகும் ஸ்விர்ஸ்கி பேன். அசுவினிக்குத் தனிக் குளவி. புகைப்பதற்கான பயிரில் மருந்து எச்சம் இருந்தால் நேரே நுரையீரலுக்குள் போகும். உரிமம் பெற்ற கஞ்சாப் பண்ணைகளுக்கும் இந்தப் பொட்டலங்களை விட்டால் பெரிய கதி இல்லை.

கடைசி வரிசையில் ருசி பார்க்கக் கிண்ணம் கிண்ணமாகத் தக்காளி. டச்சுத் தக்காளி தண்ணிதான் என்று எழுதிவைத்த பழி இனி செல்லாது. விரல்நுனி அளவு சிவப்புப் பழம் ஒன்று, தித்திப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. வெட்கமில்லாமல் மறுபடி வரிசையில் நின்றேன். மதியம் வெளியே மீன் வண்டியில் கிப்பலிங், மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டு, பூண்டு மயோனைஸ். 8 யூரோ. கொதிக்கக் கொதிக்க, காற்றில் நின்றபடி. பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான், சந்தேகமில்லை. முந்தைய நாள் ஓர் உணவகத்தில் குளிர்ந்த ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் 9 யூரோ வாங்கியவர்கள் அந்த வண்டிக்காரரிடம் பாடம் படிக்கணும்.

ஞாயிறு டாக்ஸி பேச்சே எடுக்கவில்லை. தம்பியின் ரயில் அட்டையில் இரண்டு வாடகை சைக்கிள் எடுக்கலாம், ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் 5 யூரோ. உள்ளூர் அட்டை இல்லாத பயணிகளுக்கு இது கிடைக்காது என்பது அநியாயம். கியர் கிடையாது, பிரேக் போட மிதியைப் பின்னால் அழுத்தணும். வழி முழுக்கச் சமதரை, ஆனால் கடற்காற்று முகத்துக்கு நேரே. மலையேறுவதே மேல். அன்று பார்த்தது செவ்வந்திக் குடில். சாயங்காலத்தில் கறுப்புத் திரையை இழுத்து மூடுகிறார்கள். இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும். கஞ்சாவும் அதே சாதி, இருட்டை எண்ணிப் பூப்பது. இது தெரிந்தபோது தம்பி அடித்த நக்கலை இங்கே எழுத முடியாது.

போகிறவர்களுக்கு: கண்ணாடி அணிபவர்கள் துடைக்கத் துணி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பேருந்தை நம்பாதீர்கள். கழிப்பறைக்கு ஒரு யூரோ தனியாக எடுத்து வையுங்கள், எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். ஏப்ரலில் வர முடியாதவர்களுக்கு நால்ட்வைக்கில் 2018-ல் திறந்த வேர்ல்ட் ஹார்ட்டி சென்டர் இருக்கிறது, சோதனைக் குடில்களும் காட்சியறையும் உண்டு, முன்பதிவு பற்றி விசாரித்துவிட்டுப் போங்கள். தங்குவதற்கு டெல்ஃப்ட் வேண்டாம், ராட்டர்டாமில் விலை பாருங்கள்.