தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளப்பது: நேரக் கணிப்பு வேலையும் காலம் பற்றிய கேள்வியும்

தொழுகை நேரம் கணிக்கும் வேலையில் காலம் நேரடியாகக் கைக்கு அகப்படுவதே இல்லை. அகப்படுவது ஒரு நிழல், அல்லது ஓர் அதிர்வு.

பிற்பகல் தொழுகையான அஸரை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் 100 செ.மீ. குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். சூரியன் உச்சிக்கு வரும் நண்பகலில் அதன் நிழல் 30 செ.மீ. என்றால், ஷாஃபி மத்ஹபின்படி (சட்டப் பள்ளி) நிழல் 130 செ.மீ. ஆகும்போது அஸர் தொடங்கும், ஹனஃபியின்படி 230. அந்த 30-ஐக் கூட்ட மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை, பாங்கு முந்திவிடும். அதைவிடப் பிடிவாதமான தொல்லை ஒன்று உண்டு. நிழலின் முனை கூராக விழாது. சூரியன் புள்ளியல்ல, வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். 130 செ.மீ. நிழலின் முனையில் சுமார் இரண்டரை செ.மீ. மங்கிக் கிடக்கும். அப்போது நிழல் வளர்வதோ நிமிடத்துக்கு ஒரு செ.மீ. அளவில்தான். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு எந்தக் கோட்டைக் குறிப்பது என்றே தெரியாது. குச்சியை உயர்த்தியும் பயனில்லை, மங்கலும் கூடவே வளரும். குச்சி முனையில் சிறு துளையிட்ட தகட்டைப் பொருத்தி, தரையில் விழும் ஒளிவட்டத்தின் நடுவைக் குறித்தால் தீரும்.

உச்சியைப் பிடிக்க, நிழல் எப்போது மிகக் குறுகுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது வீண். அந்நேரத்தில் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது. குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, முற்பகலில் நிழல்முனை உள்ளே நுழையும் இடத்தையும் பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுப்புள்ளியைக் குச்சியின் அடியோடு இணைத்தால் வடக்கு-தெற்குக் கோடு கிடைக்கும். மறுநாள் நிழல் அதில் படியும்போது உச்சி. அரபு வானியலார் இதை 'இந்திய வட்டம்' என்றே அழைத்தார்கள். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் முவக்கித்தாக, அதாவது நேரக் கணிப்பாளராக இருந்த இப்னு அல்-ஷாதிர் 14-ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய பளிங்குச் சூரியக் கடிகாரம் அமைத்தவர்.

இந்த வேலையைச் செய்பவர்களுக்கு, கலாம் அறிஞர்கள், அதாவது இஸ்லாமிய இறையியலார், காலத்துக்குத் தந்த இலக்கணம் உடனே விளங்கும். அறிஞர் அல்-ஜுர்ஜானி அதைப் பதிவு செய்திருக்கிறார்: தெரிந்த ஒரு நிகழ்வைக் கொண்டு நிச்சயமில்லாத இன்னொரு நிகழ்வை அளப்பதே காலம். சூரியன் உதிக்கும்போது வருகிறேன் என்றால், உதயம் தெரிந்தது, வருகை தெரியாதது. தத்துவஞானி இப்னு சீனா இதை ஏற்கவில்லை. அவருக்குக் காலம் என்பது இயக்கத்தின் தொடர்ச்சியான அளவு. இன்னொரு தத்துவஞானியான அபுல் பரகாத் அல்-பக்தாதியோ ஒரு படி மேலே போய், காலம் இயக்கத்தின் அளவல்ல, இருப்பின் அளவு என்றார். மூன்றிலும் ஆழமானது இதுவே என்று தோன்றுகிறது. ஆனால் இருப்பை மட்டும் அளக்கக் கருவி எதுவும் செய்ய முடியாது.

சீசியம் கடிகாரமும் ஜுர்ஜானியின் வரியைத் தாண்டுவதில்லை. 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம்-133 அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகள். தெரிந்த நிகழ்வு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஐன்ஸ்டைன் சேர்த்தது வேறு: அந்தத் தெரிந்த நிகழ்வும் எல்லா இடத்திலும் ஒரே கதியில் நடப்பதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ நொடி பிந்துகிறது, ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ நொடி முந்துகிறது. மிச்சமுள்ள 38-ஐத் திருத்தாமல் விட்டால் தூரக் கணக்கில் ஒரே நாளில் 11 கி.மீ. பிழை சேரும்.

கலாம் அறிஞர்களில் ஒரு பிரிவினரான அஷ்அரிகள் சொன்ன பிரிக்க முடியாத கணத்தையும் இயற்பியலின் பிளாங்க் நேரத்தையும் ஒன்றாகக் காட்டுவோர் உண்டு. அது தவறு. அஷ்அரிகளது கணம், இறைவன் ஒவ்வொரு நொடிப்பொழுதும் உலகைப் புதிதாகப் படைக்கிறான் என்ற வாதத்திலிருந்து பிறந்தது. பிளாங்க் நேரம் மூன்று இயற்பியல் மாறிலிகளைச் சேர்த்துப் பெறும் அளவு. காலத்தின் கடைசித் துண்டு அதுதான் என்று யாரும் அளந்து காட்டவில்லை.

நிழலிலிருந்து கடிகார மணிக்கு வரும்போதுதான் அட்டவணைகள் அதிகம் கெடுகின்றன. ஊரின் தீர்க்கரேகை, நாட்டின் பொது நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து விலகும் ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம். கிழக்கே இருந்தால் உச்சி முந்தும். அதோடு நேரச் சமன்பாடு, அதாவது சூரியனின் நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வேறுபாடு: நவம்பர் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்தைவிட 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போட்டால் நவம்பரில் நண்பகல் தொழுகையான லுஹர் 32 நிமிடம் தள்ளிப்போகும். ஏப்ரல் நடுவில் அந்தத் திருத்தம் ஏறக்குறைய சுழி என்பதால், அப்போது சரிபார்ப்பவருக்குப் பிழை தெரியவே தெரியாது. நவம்பரில் ஒரு நாளும் பிப்ரவரியில் ஒரு நாளும் குச்சி நட்டுப் பார்க்க வேண்டும்.