12 நாட்களும் ஓர் அரிசி மூட்டையும்

மூன்று வாரமாக என் மேசைமேல் ஒரு கப்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. யுஎஸ்எஸ் இங்கிலாண்ட், அமெரிக்கக் கடற்படையின் டெஸ்ட்ராயர் எஸ்கார்ட் வகைக் காவல் கப்பல். அசல் 306 அடி நீளம். 350-இல் ஒரு பங்காகச் சுருக்கிய என் மாதிரி 27 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நேற்று ராத்திரி முன் பீரங்கிக்குப் பின்னால் வைக்க வேண்டிய ஒரு துண்டை இடுக்கியில் எடுத்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதைக் கோணாமல் ஒட்ட அரைமணி நேரம் ஆனது. ஆகட்டும், இந்தக் கப்பலின் பெருமையே அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

அதற்குப் பெயர் ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி. நீர்மூழ்கிகளை அடிக்கும் குண்டுவீசி. குண்டு மாட்டாத நேரத்தில் 24 கம்பிகள் முள் மாதிரி சாய்ந்து நிற்கும். டெப்த் சார்ஜ் என்ற ஆழ்கடல் குண்டைப் போட வேண்டுமென்றால் கப்பல் நீர்மூழ்கியின் தலைக்கு மேலேயே போக வேண்டும். கிட்டே போனதும், நீருக்கடியில் ஒலியை அனுப்பித் தேடும் கருவியான சோனாரில் அதன் எதிரொலி நழுவிவிடும். குண்டு எதன்மேல் படாவிட்டாலும் குறித்த ஆழத்தில் வெடிக்கும்; அந்த இரைச்சல் அடங்கும்வரை சோனாருக்குக் காது கேட்காது. முள்ளெலி அப்படியில்லை. 24 குண்டுகளையும் கப்பலுக்கு முன்னால் வளையமாக வீசும். எதன்மேலாவது பட்டால்தான் வெடிக்கும். சத்தம் வந்தால் பட்டது. வராவிட்டால் தப்பிவிட்டது, ஆனால் கடல் அமைதியாகவே இருக்கும், மறுபடி கேட்டுத் தேடலாம்.

1944 மே 19. வால்டன் பெண்டில்டன் தலைமையில் இங்கிலாண்ட், சாலமன் தீவுகள் பக்கம் ஜப்பானின் ஐ-16 நீர்மூழ்கியைத் தேடிப் பிடித்தது. நான்கு முறை வீசியும் வேலை முடியவில்லை. ஐந்தாவது முறை கீழே வரிசையாக வெடிப்புகள் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து கிளம்பிய பெருவெடிப்பு கப்பலின் பின்பகுதியையே தூக்கிப் போட்டது. நின்றிருந்தவர்கள் நிலைதடுமாறி விழுந்தார்கள். தங்கள் கப்பலில்தான் டார்பிடோ பாய்ந்துவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு.

பிறகு தக்கைத் துண்டுகள், பலகைகள், எண்ணெய் என்று ஒவ்வொன்றாக மேலே வந்தன. கூடவே ரப்பர் உறையில் தண்ணீர் புகாமல் கட்டிய ஓர் அரிசி மூட்டை, 75 பவுண்டு. பூகன்வில் தீவில் உணவு வரத்து அறுந்து கிடந்த ஜப்பானியப் படைகளுக்குப் போய்க்கொண்டிருந்த அரிசி அது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் நான் நின்றுவிடுவேன். மூட்டையைக் கட்டிய கைகள், அதற்காகக் கரையில் காத்திருந்த வயிறுகள்... ஐ-16-இல் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அப்புறம் நடந்ததை இன்றுவரை வேறெந்தக் கப்பலும் செய்ததில்லை. அமெரிக்கப் படை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க, ஜப்பான் தன் நீர்மூழ்கிகளைக் கடலில் வரிசையாக நிறுத்தியிருந்தது. சங்கேதச் செய்திகளை உடைத்ததில் அந்த வரிசை அமெரிக்கர்களுக்குத் தெரிந்துபோனது. ஜார்ஜ், ராபி என்ற இரு கப்பல்களோடு இங்கிலாண்ட் அந்த வரிசையிலேயே போனது. ஒவ்வொன்றாக நீர்மூழ்கிகள் விழுந்தன: 22-இல் ஆர்ஓ-106, 23-இல் ஆர்ஓ-104, 24-இல் ஆர்ஓ-116, 26-இல் ஆர்ஓ-108. ஆர்ஓ-105-ஐ மட்டும் மற்றவர்கள் அடிக்கட்டும் என்று இங்கிலாண்டை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். இரவெல்லாம் முயன்றும் அவர்களால் முடியவில்லை. 31-ஆம் தேதி காலை இங்கிலாண்டைக் கூப்பிட்டார்கள், அதுவும் முடிந்தது. 12 நாள், ஆறு நீர்மூழ்கி. அமெரிக்கக் கடற்படையில் இங்கிலாண்ட் என்ற பெயரில் எப்போதும் ஒரு கப்பல் இருக்கும் என்றார் அந்தக் கடற்படையின் தலைவர் அட்மிரல் கிங்.

1945 மே 9 அன்று ஒகினாவா அருகே காமிகாசி எனப்படும் ஜப்பானியத் தற்கொலைத் தாக்குதல் விமானம் ஒன்று கப்பலின் கட்டளை மேடைக்குச் சற்றுக் கீழே மோதியது. 37 பேர் இறந்தார்கள். பிலடெல்பியாவில் பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர் முடிந்துவிட்டது, வேலையை நிறுத்திவிட்டார்கள். அக்டோபரில் பணி ஓய்வு, மறு வருடம் பழைய இரும்புக்கு விற்பனை. பணியில் இருந்தது இரண்டு வருடம்கூட இல்லை. அதைக் காப்பாற்றி வைத்திருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. 1963-இல் அதே பெயரில் இன்னொரு கப்பல் வந்தது, 1994-இல் அதுவும் ஓய்வு பெற்றது.

இங்கிலாண்ட் என்பது நாட்டின் பெயர் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது ஓர் இளைஞரின் பெயர். ஜான் சார்லஸ் இங்கிலாண்ட், பேர்ல் ஹார்பர் தாக்குதலில் கவிழ்ந்த ஒக்லஹோமா என்ற போர்க்கப்பலில் இருந்தவர். ரேடியோ அறையிலிருந்து மூன்று பேரை வெளியே கொண்டுவந்துவிட்டு நான்காவது முறை உள்ளே போனார், திரும்பவில்லை. இன்னும் நான்கு நாளில் அவருக்கு 21 வயது. 1943 செப்டம்பர் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இந்தக் கப்பலுக்குப் பெயர் சூட்டி நீரில் இறக்கியது அவருடைய அம்மா. அடையாளம் தெரியாதவர்களோடு புதைக்கப்பட்டிருந்த அந்தப் பையனின் உடலை 2016-இல்தான் இன்னாரென்று கண்டறிந்தார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் பெற்றோரின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.