வராதவர் பெயரில் ஒரு நீரிணை

அண்டார்டிகாவுக்குக் கப்பலில் போய்வந்த செலவுக் கணக்கை வரிசையாகப் போடுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் வரியிலேயே வயிற்றெரிச்சல். கப்பல் கிளம்பும் ஊர் உசுவாயா, அர்ஜென்டினாவின் தென்கோடி. அந்த விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போக, மற்றவர்கள் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு பிடுங்கினார் டாக்சிக்காரர். எனக்கு ஸ்பானிஷ் வராது, சண்டை போடவும் தெம்பில்லை. கொடுத்துத் தொலைத்தேன். கடைசி நேரத் தள்ளுபடியில் கப்பல் டிக்கெட் எடுத்த பெருமையெல்லாம் அங்கேயே போச்சு.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள டிரேக் கடலில் இரண்டு நாள். படுத்தே கிடந்தேன்.

எழுந்தபோது கெர்லாஷ் நீரிணை. கிண்ணத்தில் ஊற்றிவைத்த எண்ணெய் மாதிரி கடல். 1898 தொடக்கத்தில் அட்ரியன் டி கெர்லாஷ் தலைமையில் வந்த பெல்ஜியக் குழு இந்த வழியை வரைபடத்தில் ஏற்றியது. பின்னாளில் தென் துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென் அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்தான். இந்த நீரிணைக்குக் கெர்லாஷ் வைத்தது பெல்ஜிகா என்ற தன் கப்பலின் பெயரை. அதை எடுத்துவிட்டு அவர் பெயரையே வைத்தது பிறகு வந்தவர்கள். கரையெல்லாம் பெல்ஜியம்: பிராபன்ட், ஆன்வர்ஸ், லியேஜ் என்று தீவுகள். பயணத்துக்குப் பணம் கொடுத்த எர்னஸ்ட் சொல்வேக்கு ஒரு மலைத்தொடர். நான் கட்டிய காசுக்கு ஒரு பாறையாவது தரலாம்.

வீங்கே தீவில் இறங்கும் முன் எல்லாருடைய கோட்டுப் பைகளையும் வாக்குவம் வைத்து உறிஞ்சினார்கள், வெளி விதை எதுவும் கரைக்குப் போகக் கூடாதாம். என் பையிலிருந்து வேர்க்கடலைத் தோல் வந்தது. மானம் போச்சு. பென்குயின் நாற்றம் படகிலேயே மூக்கைத் துளைத்தது. தீவின் பெயர் மட்டும் மனதில் நின்றுவிட்டது. கார்ல் வீங்கே பெல்ஜிகாவின் மாலுமி, சின்னப் பையன். 1898 ஜனவரியில் புயலில் கடலில் விழுந்தான். லெகுவாண்ட் என்ற அதிகாரி இடுப்பில் கயிறு கட்டித் தண்ணீரில் இறங்கியும் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை லெமேர் நீரிணை. நீளம் 11 கிலோமீட்டர், குறுகிய இடத்தில் அகலம் சுமார் 600 மீட்டர். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், இடுக்கெல்லாம் பனி. உறைந்த விரல்களில் சூப் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நின்றேன். பருப்பும் மிளகும் போட்ட சாதாரண சூப்தான், ஆனால் இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே அதுதான் உசத்தி. கீழே பனிக்கட்டிகள் கப்பலின் இரும்பில் உரசி, பழைய மரப்பெட்டியை இழுக்கிற மாதிரி முனகின. ஆளாளுக்குக் கேமரா. இதற்குக் கோடாக் இடுக்கு என்று பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

சரி, லெமேர் யார்? ஆப்பிரிக்காவில், கொங்கோவில் சுற்றிய பெல்ஜியர். இந்தப் பக்கமே வராதவர்! 1873-74-இல் இந்த வாயிலை முதலில் பார்த்தது டால்மனின் ஜெர்மன் குழு, முதலில் கடந்தது பெல்ஜிகா. இவ்வளவு அழகான இடத்தை வீங்கேவுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

தென்முனையில் பனிப்பாறைகள் வழியை அடைத்திருந்தன. கேப்டன் கப்பலைத் திருப்பிவிட்டார். பக்கத்திலிருந்தவர் காசு வீண் என்று புலம்பினார். எனக்கோ அதே நீரிணை இன்னொரு தடவை, கூடுதல் கட்டணமில்லாமல். இரண்டாவது கோப்பை சூப்புக்கு ஓடினேன்.